ஒரு கோச்சின் குரலை எண்ணியபோது

2004-05 பருவத்தில், அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்துப் பெண்கள் கூடைப்பந்து அணியின் ஆறு பயிற்சிகளை இரண்டு விளையாட்டு உளவியலாளர்கள் காணொளியில் பதிவுசெய்தார்கள். கூடைப்பந்தைப் படம்பிடிப்பவர்கள் பொதுவாகப் பந்தின் பின்னாலேயே கேமராவைத் திருப்புவார்கள். ஆண்ட்ரியா பெக்கரும் கிரேக் ரிஸ்பெர்க்கும் பந்தை விட்டுவிட்டு, ஓரத்தில் நின்று குரல் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியைக் கவனித்தார்கள். அவர் வாய் திறந்த ஒவ்வொரு முறையும், கை நீட்டிய ஒவ்வொரு முறையும் அது எந்த வகைச் செயல் என்று குறித்துக்கொண்டார்கள். கற்றுக்கொடுத்தாரா, பாராட்டினாரா, கண்டித்தாரா, விரட்டினாரா, கேள்வி கேட்டாரா? சொன்னது அணி முழுவதற்குமா, ஒருவருக்கு மட்டுமா? ஒருவருக்கு என்றால், அவர் அணியின் நட்சத்திரமா, கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரா?

அந்தப் பெண்மணி பேட் சம்மிட். டென்னசி அணிக்கு அவர் கோச்சாக இருந்த முப்பத்தோராவது பருவம் அது. அந்தப் பருவம் முடிவதற்குள், 2005 மார்ச் மாதத்தில், தன் 880-வது வெற்றியைப் பெற்று, ஆண்கள் அணிக் கோச்சான டீன் ஸ்மித்தின் சாதனையைத் தாண்டினார். ஆண்கள், பெண்கள் என்ற பேதமில்லாமல் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் நிலைப் போட்டிகளில் அன்றைக்கு அவரைவிட அதிக வெற்றி பெற்றவர் யாரும் இல்லை. அவருடைய முறைப்பு அமெரிக்கா முழுக்கப் பிரசித்தம். தவறு செய்த வீராங்கனையை அவர் பார்க்கும் பார்வையைப் பற்றிப் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. ஆகவே அவருடைய பயிற்சி அரங்கில் பாதி நேரம் திட்டுதான் ஒலிக்கும் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் அதில் வியப்பில்லை.

எண்ணிக்கை வேறொன்றைச் சொன்னது. ஆறு பயிற்சிகளில் 3,296 செயல்கள் பதிவாகியிருந்தன. அவற்றில் 48 சதவீதம் கற்றுக்கொடுத்தல்: காலை எங்கே வைப்பது, யாரை மறிப்பது, பந்து வருவதற்கு முன் எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்பவை. அடுத்த இடத்தில் இருந்தது பாராட்டு, 14.5 சதவீதம். மூன்றாவது, ஓடு, விடாதே, இன்னும் வேகம் என்று உசுப்பிவிடுவது, 10.7 சதவீதம். இந்த மூன்றுமே ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துக்கொண்டன. கண்டிப்பு, கேள்வி, செய்துகாட்டல், ஒழுங்குபடுத்தல் எல்லாம் மீதிக் கால் பங்குக்குள் அடங்கிவிட்டன. உலகம் பார்த்தது முறைப்பை. அரங்குக்குள் இருந்தவர்களுக்குக் கிடைத்தது பாடம்.

ஆய்வின் இன்னொரு முடிவுதான் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. அதைப் புரிந்துகொள்ள 1968-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ராபர்ட் ரோசன்தால், லெனோர் ஜேக்கப்சன் என்ற இருவர், கலிஃபோர்னியாவில் ஒரு தொடக்கப்பள்ளியில் நடத்திய சோதனையைப் புத்தகமாக வெளியிட்டார்கள். சில பிள்ளைகளின் பெயரைக் கொடுத்து, இவர்கள் இந்த ஆண்டு அறிவில் வேகமாக வளரப்போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் குலுக்கிப் போட்டு எடுத்தவை. ஆண்டு முடிவில், கீழ் வகுப்புகளில், அந்தப் பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் மற்றவர்களைவிட அதிகமாக உயர்ந்திருந்தது. இந்தச் சோதனையின் அளவுகளைப் பற்றிப் பின்னாளில் பெரிய சர்ச்சை நடந்தது. விளைவு அவ்வளவு பெரிதில்லை என்று பலர் காட்டினார்கள். ஆனாலும் அது கிளப்பிய கேள்வி இன்றும் நிற்கிறது: ஆசிரியர் யார் தேறுவார் என்று நினைக்கிறாரோ அவருக்குத் தன்னை அறியாமலே அதிகம் சொல்லிக்கொடுக்கிறாரா?

விளையாட்டில் இது நடப்பதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. கோச்சுக்கு நேரம் குறைவு. வெற்றி நாளைக்கே வேண்டும். நன்றாக ஆடுகிறவர்மேல் கண் தானாகப் போகிறது. அவருக்குத் திருத்தம் நுணுக்கமாகக் கிடைக்கும். மற்றவருக்கு ஒரு தலையசைப்போடு முடிந்துவிடும். சில பருவங்கள் இப்படிப் போனால் இருவருக்கும் இடையிலான தூரம் உண்மையிலேயே கூடிவிடும். கோச் முதலில் நினைத்ததே சரி என்று ஆகிவிடும். டென்னசி ஆய்வாளர்களும் இதே வேற்றுமையை எதிர்பார்த்துத்தான் எண்ணத் தொடங்கினார்கள். அவர்கள் எதிர்பார்ப்பு பொய்த்தது. யாரிடமிருந்து அதிகம் எதிர்பார்க்கப்பட்டதோ அவருக்கும், யாரிடமிருந்து குறைவாக எதிர்பார்க்கப்பட்டதோ அவருக்கும் சம்மிட்டிடமிருந்து சென்ற சொற்களில் அளவிலும் வேற்றுமை இல்லை, வகையிலும் வேற்றுமை இல்லை.

எட்டு தேசியப் பட்டங்களை வென்ற ஒருவரைப் பற்றி வெளிவந்த தகவல்களிலேயே மிக ஆச்சரியமானது இதுதான் என்பேன். இப்படி ஒருவர் எங்கிருந்து வந்தார் என்று பார்க்கலாம்.

1952 ஜூன் 14 அன்று டென்னசி மாநிலத்துக் கிளார்க்ஸ்வில்லில் பிறந்தவர் அவர். பிறந்தபோது வைத்த பெயர் பாட்ரீசியா சூ ஹெட். விவசாயக் குடும்பம், மூன்று அண்ணன்மார், ஒரு தங்கை. பகல் முழுவதும் வயல் வேலை. இரவில் வைக்கோல் பரணில் அண்ணன்களோடு கூடைப்பந்து. அந்தப் பரணில் பெண் என்று யாரும் வழிவிடவில்லை. அவர் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் வயதில், அந்த ஊர்ப் பள்ளியில் பெண்களுக்கு அணியே இல்லை. தந்தை அதிகம் பேசாத, கண்டிப்பான மனிதர். மகள் ஆட வேண்டும் என்பதற்காக, பெண்கள் அணி இருந்த பக்கத்து மாவட்டத்தின் ஹென்ரியட்டாவுக்குக் குடும்பத்தையே இடம் மாற்றினார்.

அங்கே அவர் ஆடியது இன்று நாம் பார்க்கும் கூடைப்பந்து அல்ல. ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891-ல் மாசசூசெட்ஸில் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே அதே மாநிலத்து ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற உடற்பயிற்சி ஆசிரியை அதைப் பெண்களுக்குக் கற்பித்தார். ஓடிக் களைத்தால் பெண்களின் உடலும் நரம்புகளும் தாங்காது என்பது அக்கால மருத்துவத்தின் உறுதியான நம்பிக்கை. பெரன்சன் அதை மீறாத ஒரு வழி கண்டுபிடித்தார். ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, அவரவர் பகுதியை விட்டு யாரும் நகரக்கூடாது என்று விதி வகுத்தார். பந்தைப் பிடுங்கக்கூடாது, மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. அந்தக் காலத்துக்கு அது துணிச்சல்தான். அவர் இல்லாவிட்டால் பெண்கள் ஆடியே இருக்கமாட்டார்கள். ஆனால் அந்தத் தற்காலிக ஏற்பாடு நூறாண்டு நீடித்தது. பின்னாளில் அது ஆறு பேர் ஆட்டமாக மாறி, களத்தின் ஒரு பாதியில் மூவர், மறு பாதியில் மூவர் என நின்றது. தடுக்கும் பாதியில் நிற்கும் பெண் தன் பள்ளிக்காலம் முழுவதும் ஒரு முறைகூடக் கூடையை நோக்கிப் பந்தை எறியாமலே போகலாம்.

உடல் தாங்காது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமாக நெடுங்காலம் காட்டப்பட்டது 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். அங்கே பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டம் முதன்முறையாக நடந்தது. ஜெர்மனியின் லீனா ராட்கே உலகச் சாதனையோடு வென்றார். மறுநாள் பத்திரிகைகள் சாதனையை ஒதுக்கிவிட்டு, ஓடி முடித்த பெண்கள் சுருண்டு விழுந்ததாகப் பெரிதுபடுத்தி எழுதின. அந்த ஓட்டம் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டு, 1960-ல்தான் திரும்ப வந்தது. ஓடி முடித்தவர் மூச்சுவாங்குவது ஆணுக்கு வீரம், பெண்ணுக்கு நோய் என்று படிக்கப்பட்ட காலம் அது.

உடலியல் சொல்வது இதுதான். சராசரியாகப் பெண்ணின் இதயம் சற்றுச் சிறியது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் சற்றுக் குறைவு. ஆகவே தசைகளுக்குப் போகும் ஆக்சிஜனின் உச்ச அளவு குறைவாக இருக்கும். ஆனால் பயிற்சிக்கு உடல் தரும் பதிலில் எந்த ஊனமும் கிடையாது. தொடர்ந்து ஓடினால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை வெளியேற்றப் பழகுகிறது. தசைக்குள் நுண்குழாய்கள் பெருகுகின்றன. ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் அதிகரிக்கின்றன. ஆணுக்கு நடப்பதெல்லாம் பெண்ணுக்கும் நடக்கும், ஓட விட்டால். ஓடவே விடாமல் வைத்துவிட்டு, ஓட முடியாதவர்கள் என்று சொன்னதுதான் இந்த வரலாற்றில் பெரிய அநியாயம்.

1970-களில் டென்னசியில் ஒரு பள்ளி மாணவி இந்த அரைக்கள விதியை எதிர்த்து நீதிமன்றம் போனார். சம்மிட் அப்போது இளம் கோச். தன் மாநிலத்துப் பள்ளிகள் இந்தப் பழைய ஆட்டத்தைக் கைவிட வேண்டும் என்று வெளிப்படையாக வாதாடினார். பாதிக் களத்தில் மட்டுமே ஆடிப் பழகிய பெண்ணால் கல்லூரியின் முழுக் களத்தில் ஈடுகொடுக்க முடியாது, அதனால் உதவித்தொகை வேற்று மாநிலத்துப் பெண்களுக்கே போகும் என்பது அவர் கவலை. டென்னசி 1979-80 பருவத்தில் ஐவர் ஆட்டத்துக்கு மாறியது. அயோவா 1993 வரையும் ஓக்லஹோமா 1995 வரையும் பழைய விதியை விடவில்லை.

அவர் கோச்சானதே எதிர்பாராமல் நடந்தது. 1974-ல் டென்னசி பல்கலைக்கழகத்துக்கு மேற்படிப்புக்காகவும் உதவிப் பயிற்சியாளராகவும் வந்தார். இருந்த தலைமைக் கோச் விலகியதால் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. வயது 22, சில வீராங்கனைகளுக்கு அவரைவிட ஒரு வயதுதான் குறைவு. மாதச் சம்பளம் 250 டாலர். வெளியூர் ஆட்டத்துக்கு வேன் ஓட்டியது அவர். சீருடைகளைத் துவைத்துப் போட்டதும் அவர். அந்தச் சீருடைகளே முந்தைய ஆண்டு டோனட் விற்றுச் சேர்த்த காசில் வாங்கியவை. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. பணம் வந்து சேரத்தான் ஆண்டுகள் பிடித்தன. முதல் ஆட்டத்தில் மெர்சர் அணியிடம் 84-83 என ஒரே புள்ளியில் தோற்றார். பார்க்க வந்தவர்கள் ஐம்பது சொச்சம். 2006-ல் அதே பல்கலைக்கழகத்தின் அரங்கில் கனெக்டிகட் அணியோடு நடந்த ஆட்டத்துக்கு 24,653 பேர் வந்தார்கள்.

கோச்சாவதற்குச் சில மாதங்கள் முன்புதான், கல்லூரியின் கடைசி ஆண்டில், அவருடைய முழங்காலில் ஏ.சி.எல். கிழிந்திருந்தது. தொடை எலும்பையும் கால் எலும்பையும் மூட்டுக்குள் குறுக்காகக் கட்டிவைத்திருக்கும் சிறிய நார் அது. குதித்து இறங்கும்போதும் ஓடுகிற வேகத்தில் சட்டென்று திரும்பும்போதும் கால் எலும்பு முன்னுக்கு நழுவாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. கூடைப்பந்தில் இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் ஏற்படுகிறது. பெரும்பாலும் யாரும் மோதாமலே கிழிகிறது. இறங்கும்போது முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்வதும், தொடையின் முன்தசை வலுவாகவும் பின்தசை பலவீனமாகவும் இருப்பதும் முக்கியக் காரணங்கள். இடுப்பின் அமைப்பு, ஹார்மோன்கள் பற்றியும் ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் நம் கையில் இருப்பது இறங்கும் முறைதான். முழங்காலை மடக்கி, பாதத்துக்கு நேராக வைத்து இறங்கப் பழக்கினால் இந்தக் காயங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கலாம் என்று பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாரத்தில் சில முறை, பயிற்சிக்கு முன் கால் மணி நேரம் போதும். பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து, கோ-கோ, கபடி கற்றுக்கொடுக்கும் உடற்பயிற்சி ஆசிரியர்கள் இதை மட்டும் கட்டாயம் செய்ய வேண்டும்.

1974-ல் இந்த அறிவெல்லாம் கிடையாது. இந்தக் காயத்தோடு ஆட்டம் முடிந்தது என்பதே அன்றைய பொது எண்ணம். அவருடைய தந்தையோ, மகள் ஒலிம்பிக்குப் போகப்போகிறாள், காலைச் சரிசெய்யுங்கள் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டார். 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் கூடைப்பந்து முதன்முறையாக இடம்பெற்றது. அமெரிக்க அணியின் இணைத் தலைவியாக ஆடி வெள்ளி வென்றார், அறுவைசிகிச்சை செய்த காலோடு. எட்டு ஆண்டு கழித்து, லாஸ் ஏஞ்சலஸில் தங்கம் வென்ற அணிக்குக் கோச்.

அவருடைய பயிற்சி அரங்கில் ஒரு வழக்கம் இருந்தது. அவர் பாராட்டினால் வீராங்கனை உரக்க "இரண்டு புள்ளி" என்று சொல்ல வேண்டும். திருத்தம் சொன்னால் "ரீபவுண்ட்" என்று சொல்ல வேண்டும். கூடையில் விழாமல் தெறித்த பந்தைப் பிடித்து மறுபடி ஆடுவது ரீபவுண்ட். திருத்தத்தை வாங்கிக்கொண்டேன், அடுத்த ஆட்டத்துக்குப் போகிறேன் என்று அர்த்தம். விமானி அறையிலும் அறுவைசிகிச்சைக் கூடத்திலும் இதே கொள்கைதான் உயிர் காக்கிறது: சொன்னதைக் கேட்டவர் திருப்பிச் சொன்னால்தான் செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. இதில் மனம் சார்ந்த நன்மையும் உண்டு. கண்டனத்துக்குப் பதிலாகச் சொல்ல ஒரு சொல் தயாராக இருக்கும்போது, அதை மனதுக்குள் வைத்துப் புழுங்குவதற்கு நேரம் கிடைப்பதில்லை. அந்தக் கடுமையான கோச்சிடம் ஆயிரக்கணக்கான திருத்தங்களை வாங்கிக்கொண்டு பெண்கள் நொறுங்காமல் இருந்ததற்கு இந்தச் சிறிய ஏற்பாடு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பயிற்சிக்கு எதிரணியாக மாணவர்களை, அதாவது ஆண்களை, இறக்கினார். அவர்கள் உயரமாகக் குதிப்பார்கள், வேகமாகக் கைநீட்டுவார்கள். இதனால் தசை மட்டும் வலுப்படுவதில்லை. பந்தை எறியலாமா என்று முடிவெடுக்கக் கிடைக்கும் நொடியின் பின்னம் சுருங்கிவிடுகிறது. குறைந்த நேரத்தில் முடிவெடுக்கப் பழகிய மூளைக்கு, உண்மையான ஆட்டத்தில் நேரம் தாராளமாகத் தோன்றும். போட்டி அட்டவணையையும் அப்படித்தான் அமைத்தார். பலமான அணிகளாகத் தேடிப் பிடித்தார். 1996-97-ல் அவர் அணி பத்து ஆட்டங்களில் தோற்றது. அதே அணிதான் பருவத்தின் முடிவில் தேசியப் பட்டத்தை வென்றது. அடுத்த பருவத்தில் 39 ஆட்டங்கள் ஆடி ஒன்றில்கூடத் தோற்கவில்லை. கற்கும்போது சிரமப்பட்டால் கற்றது நிலைக்கும் என்பதை ஆய்வகங்கள் வேறு வழியில் கண்டிருக்கின்றன. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்பவர் பயிற்சியின்போது நன்றாகச் செய்வார். பல அசைவுகளைக் கலந்து பழகுபவர் அப்போது தடுமாறுவார். சில நாள் கழித்துச் சோதித்தால் தடுமாறியவரே முந்தி நிற்பார்.

ஒரு கோச்சின் கண் எதைப் பார்க்கிறது? கனடாவில் ஃபிரான் அலார்டும் அவருடைய கூட்டாளிகளும் 1980-ல் செய்த சோதனை இதற்கு நல்ல பதில். கூடைப்பந்து ஆட்டத்தின் படங்களைச் சில விநாடி காட்டிவிட்டு, யார் எங்கே நின்றார் என்று கேட்டார்கள். ஆட்டத்தின் நடுவே, ஒரு திட்டத்தோடு நகர்ந்துகொண்டிருந்த அணியின் படம் என்றால், ஆடத் தெரிந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாக நினைவுகூர்ந்தார்கள். ஒழுங்கின்றிச் சிதறி நிற்கும் படம் என்றால் இருவரும் ஒன்றுதான். பத்துப் பேரைப் பத்துப் புள்ளிகளாக நிபுணர் பார்ப்பதில்லை. இரண்டு மூன்று உருவங்களாக, பெயருள்ள அமைப்புகளாகப் பார்க்கிறார். ஒருவர் அரை அடி தள்ளி நின்றால் அந்த உருவம் கோணுகிறது. உடனே குரல் எழுகிறது. அந்த 48 சதவீதம் எங்கிருந்து பிறக்கிறது என்பது இப்போது புரியும்.

இத்தாலியில் 2008-ல் சால்வதோரே அல்யோத்தி குழுவினர் இன்னொரு படி போனார்கள். யாரும் மறிக்காமல் எறிய விடும் ஃப்ரீ த்ரோவை எறிபவரின் காணொளியை நடுவிலேயே நிறுத்தி, பந்து கூடையில் விழுமா விழாதா என்று மூன்று வகையினரைக் கேட்டார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்கள், பல்லாண்டு ஆட்டம் பார்த்த கோச்சுகளும் பத்திரிகையாளர்களும், எதுவும் தெரியாதவர்கள். ஆட்டக்காரர்கள் பந்து கையை விட்டுப் புறப்படும் முன்பே, எறிபவரின் உடலசைவிலிருந்தே சரியாகச் சொன்னார்கள். பார்த்தே பழகியவர்களுக்குப் பந்து காற்றில் செல்லும் பாதை தேவைப்பட்டது. எறிபவர் தவறவிடும் காட்சியைப் பார்க்கும்போது, ஆட்டக்காரர்களின் மூளையில் கைத்தசையை இயக்கும் பகுதி தனியாகச் சிலிர்த்தது. பிறர் கையிலுள்ள பிழையை இவர்களுடைய கை உணர்கிறது. ஒலிம்பிக் வரை ஆடிய ஒருவர் கோச்சாக வரும்போது எதைக் கொண்டுவருகிறார் என்பதற்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியாது.

மைதானத்தோடு அவர் கல்வி முடியவில்லை. வீராங்கனைகள் வகுப்புக்கு மட்டம் போடக்கூடாது. முதல் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும். டென்னசியில் தன் ஆட்டக்காலத்தை முழுதாக முடித்த ஒவ்வொருவரும் பட்டம் பெற்றார்கள், 38 ஆண்டும். வென்றவை 1,098, தோற்றவை 208. இதில் முதல் எண்ணைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பட்டம் பெறாமல் போனவர் யாருமில்லை என்ற எண்ணிக்கை அதைவிடக் கடினமானது. அதற்கு நட்சத்திரங்கள் மட்டும் போதாது.

2010-11 பருவத்தில் ஏதோ சரியில்லை என்று சுற்றியிருந்தவர்களுக்குத் தோன்றியது. கூட்டம் எத்தனை மணிக்கு என்று மீண்டும் மீண்டும் கேட்டார். ஆட்டத்தின் நடுவே, எந்தத் தாக்குதல் அமைப்பைச் சொல்வது என்று தெரியாமல் நின்றார். 2006 முதல் முடக்குவாதத்துக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர் அவர். அதன் பக்கவிளைவு என்றே முதலில் நினைத்தார். மேயோ கிளினிக்கில் பரிசோதித்தபோது, இளவயதில் தொடங்கும் அல்சைமர் நோய் என்று தெரிந்தது. 2011 ஆகஸ்டில், 59 வயதில், அதை அவரே உலகுக்கு அறிவித்தார்.

அல்சைமர் நோயில் மூளை செல்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதம் திட்டுகளாகப் படிகிறது. செல்களுக்குள்ளே டவ் என்ற புரதம் முறுக்கி முடிச்சாகிறது. ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906-ல் இதை விவரித்தார். அவர் ஆராய்ந்த பெண்ணும் அறுபதை எட்டாதவர்தான். அறிகுறி வெளியே தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் முன்பே படிவு தொடங்கிவிடுகிறது. பெரும்பாலும் ஹிப்போகேம்பஸ் என்ற புது நினைவுகளின் வாயிலை ஒட்டிய பகுதியில்தான் முதல் சேதம். ஆகவே நேற்று நடந்தது போகும். முப்பது ஆண்டுக்கு முந்தையது நிற்கும். இளவயதில் வரும்போது, கவனத்தைச் சிதறாமல் பிடித்துத் திட்டமிடும் திறனும் சிலருக்குச் சீக்கிரம் ஆட்டம்காண்கிறது. இருபதாயிரம் பேர் கத்தும் அரங்கில், முப்பது விநாடிக்குள், பல அமைப்புகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்து சொல்வதற்கு இந்த இரண்டும் வேண்டும். கோச்சின் வேலை இந்த நோய்க்கு மிக வெளிச்சமான சோதனைக்கூடம்.

கைக்குப் பழகியது அவ்வளவு எளிதில் போவதில்லை. சைக்கிள் ஓட்டுவது, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது போன்ற அசைவுகள் மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள நரம்புமுடிச்சுகளிலும் சிறுமூளையிலும் பதிகின்றன. நோய் அங்கே மெதுவாகவே எட்டுகிறது. அறிவாற்றலைத் தொடர்ந்து செலவழித்து வாழ்ந்தவர்களின் மூளை, சேதத்தைப் பல ஆண்டு சமாளித்து மறைக்கும் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படிப்பட்டவரிடம் அறிகுறி தெரியும்போது நோய் உள்ளே வெகுதூரம் வந்திருக்கும். அறுபதுக்குக் கீழே உள்ள ஒருவர் பழகிய வேலையில் திடீரெனத் தடுமாறினால், களைப்பு என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எல்லாத் தடுமாற்றமும் அல்சைமர் இல்லை; வைட்டமின் பி12 குறைவும் தைராய்டு கோளாறும் இதேபோல் தோன்றும், அவற்றைச் சரிசெய்துவிடலாம்.

அறிவிப்புக்குப் பின்னும் ஒரு முழுப் பருவம் அவர் ஓரத்து நாற்காலியில் இருந்தார். ஹோலி வார்லிக் முதலான உதவிக் கோச்சுகள் அவர் வேலையில் பெரும்பங்கை ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. நினைவு ஒருவர் தலையில் மட்டும் இருந்திருந்தால் அந்த அணி அன்றே கலைந்திருக்கும். அந்தப் பருவத்தில் 27 ஆட்டங்களை வென்றார்கள். கடைசியாகத் தோற்றது பேய்லர் அணியிடம். அந்த ஆண்டு 40 ஆட்டங்களையும் வென்ற பேய்லரின் கோச் கிம் மல்கி, 1984 ஒலிம்பிக்கில் சம்மிட்டிடம் ஆடியவர்.

2012 ஏப்ரலில் சம்மிட் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. 2016 ஜூன் 28 அன்று, 64 வயதில், நாக்ஸ்வில்லில் காலமானார். ஆண்டு முடிவதற்குள் அதே ஊரின் பல்கலைக்கழக மருத்துவமனையில் அவர் பெயரில் ஓர் அல்சைமர் சிகிச்சை மையம் திறந்தது. அமிலாய்டைக் குறைத்து நோயின் வேகத்தை ஓரளவு மட்டுப்படுத்தும் மருந்தான லெகனமாபுக்கு அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது 2023-ல்தான்; அவருக்கு அது எட்டவில்லை.

அவருக்குப் பின் டென்னசி அணியின் பொறுப்பை வார்லிக் ஏற்றார். 1970-களின் இறுதியில் சம்மிட்டின் அணியில் பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டாக ஆடியவர் அவர். 2019-ல் கெல்லி ஹார்ப்பர் வந்தார். 1990-களின் பட்டம் வென்ற அணிகளில் அவரும் பாயிண்ட் கார்டு. 1974 முதல் 2024 வரை, ஐம்பது ஆண்டுகள், அந்த அணிக்குக் கோச்சாக இருந்தவர்கள் மூன்று பேர்: பேட் சம்மிட்டும் அவரிடம் கற்ற இருவரும்.